கடற்பாசி கோடையில் எங்கே போகிறது?

சோற்று உருண்டையைச் சுற்றி ஒரு கறுப்புத் தாள். ஜப்பானில் பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் மதிய உணவுப் பெட்டியிலும், ரயிலைப் பிடிக்க ஓடும் அலுவலரின் கைப்பையிலும் அது இருக்கும். முதியவர்களின் காலை உணவில், வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில் சிறு துண்டுகளாக நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதற்கு ‘நோரி’ என்று பெயர். பார்வைக்குக் காகிதம், உண்மையில் கடற்பாசி. கொரியர்கள் அதையே ‘கிம்’ என்கின்றனர். கொரியத் தொடர்களில் மூழ்கியிருக்கும் நம் இளைஞர்களுக்குக் ‘கிம்பாப்’ இன்று புதிய சொல் அன்று.

சென்னையின் பெரிய அங்காடிகளிலும் இப்போது நோரிப் பொட்டலங்களைக் காண முடிகிறது. வாங்கி வந்து, அப்பளத்தை அனலில் வாட்டுவதுபோல நெருப்பின்மேல் ஓரிரு முறை காட்டி, சூடான சோற்றுடன் உண்டு பார்த்திருக்கிறேன். கருஞ்செந்நிறமாக இருந்த தாள் கண்ணெதிரே பச்சையாக மாறும். பாசியிலுள்ள சிவப்பு நிறமி வெப்பத்தில் சிதைந்துவிட, அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளிப்படுவதால் நேரும் மாற்றம் அது. வாயில் வைத்தால் முதலில் மொறுமொறுப்பு, பிறகு உப்புக் காற்றின் வாசனை, கடைசியில் நாவில் நெடுநேரம் தங்கும் ஒரு சுவை. ஜப்பானியர் ‘உமாமி’ என்று அழைக்கும் அந்தச் சுவைக்குக் காரணமான முக்கியப் பொருள்கள் மூன்று. அந்த மூன்றும் ஒருசேர அமைந்த உணவு நோரி.

ஒரு தாளின் எடை ஏறக்குறைய மூன்று கிராம்தான். உலர்ந்த நோரியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு புரதம் என்றாலும், ஒரு தாளில் கிடைக்கும் புரதம் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். ஆகவே இதை அதிசய உணவு என்று விளம்பரம் செய்வோரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அயோடின், இரும்பு, நார்ச்சத்து ஆகியவற்றோடு, தாவர உணவுகளில் காணக் கிடைக்காத வைட்டமின் பி12-ம் இதில் இருக்கிறது. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று சைவ உணவினரை மருத்துவர்கள் எச்சரிப்பதும் நியாயமே. நோரியின் பெருமை அளவில் இல்லை, அன்றாடத்தில் இருக்கிறது. நாம் கறிவேப்பிலையையும் முருங்கைக்கீரையையும் உண்பதுபோல, நாள்தோறும் சிறிது சிறிதாக, தலைமுறை தலைமுறையாக உண்ணப்படுகிற உணவு அது.

அந்த அன்றாடம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவே ஒருமுறை அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. அதைக் காப்பாற்றியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவர் ஜப்பானில் கால் வைத்ததில்லை. தன் ஆய்வால் யாருடைய தட்டில் உணவு சேரும் என்ற கணக்கோடு அந்த ஆய்வைத் தொடங்கவும் இல்லை. ஜப்பானில் ‘கடலின் அன்னை’ என்று போற்றப்படும் காத்லீன் ட்ரூ-பேக்கரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள லீ என்ற சிறு நகரில் 1901 நவம்பர் 6 அன்று காத்லீன் மேரி ட்ரூ பிறந்தார். நிலக்கரியும் பஞ்சாலையும் சூழ்ந்த ஊர் அது. பள்ளிப்படிப்பைத் தெற்கே சாலிஸ்பரி நகரில் முடித்தார். உதவித்தொகை பெற்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றார். 1922-இல் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டில் அங்கேயே விரிவுரையாளராகவும் ஆனார். மறு ஆண்டு முதுகலைப் பட்டம். பெண்கள் பல்கலைக்கழகப் படிக்கட்டில் ஏறுவதே செய்தியாக இருந்த காலத்தில், 21 வயதில் ஒரு பெண் அங்கே பாடம் நடத்தினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் தேர்ந்துகொண்ட துறை பாசியியல். அதிலும் சிவப்புப் பாசிகள். பூக்காத, காய்க்காத, விதை இல்லாத உயிர்கள் அவை. வகைப்படுத்துவது கடினம், அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை அறிவது அதனினும் கடினம். 1925-இல் காமன்வெல்த் ஆய்வுநல்கை பெற்று அமெரிக்கா சென்ற ட்ரூ, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆய்வு செய்தார். பாசிகளைச் சேகரிக்க ஹவாய்த் தீவுகள்வரை போய் வந்தார். அவருடைய முதல் பெரிய ஆய்வு, நுண்ணிய சிவப்புப் பாசிகள் சிலவற்றை ஒழுங்குபடுத்தியது, 1928-இல் வெளிவந்தது. திரும்பி வந்தபோது அவருக்கு முன்னே நீண்ட, தெளிவான பாதை இருந்தது.

அதே 1928-இல் அவர் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். ஹென்றியும் அதே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், பொறியியல் துறை. திருமணமான பெண்களைப் பணியில் வைத்துக்கொள்வதில்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் விதி. கணவரின் வேலை தொடர்ந்தது. மனைவியின் வேலை போயிற்று. ஒரே திருமணம், ஒரே வளாகம், இருவேறு நீதி!

அதை அந்தக் காலத்தின் வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். பிரிட்டனில் பள்ளி ஆசிரியைகளுக்கு இருந்த திருமணத் தடை 1944-இல்தான் நீங்கியது. அரசுப் பணியில் 1946-இல். வெளியுறவுப் பணியில் 1973 வரை நீடித்தது. நாம் மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அனுமதி பெற வேண்டும், தேவையானால் பதவி விலகவும் நேரிடும் என்றிருந்த விதியை எதிர்த்து சி.பி. முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றதும், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடியதும் 1979-இல்தான்.

வேலை பறிபோன பின் ட்ரூ-பேக்கர் வீட்டோடு இருந்துவிடவில்லை. பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியான ஆஷ்பர்ன் இல்லத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அதைப் பற்றிக்கொண்டு, பூவாத் தாவரங்களுக்கான ஆய்வகத்துக்குள் மீண்டும் நுழைந்தார். ஊதியம் பெறாத கௌரவ ஆய்வாளராகவே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தார். இரண்டு குழந்தைகளை வளர்த்தார். 1939-இல் டி.எஸ்சி. என்ற உயர்பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகம் அவருக்குரிய பதவியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. 1924 தொடங்கி 1957 வரை சிவப்புப் பாசிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 47.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊதியமின்றி உழைத்ததைத் தியாகமாக்கிப் புகழ்வது நம்மிடையே எளிதில் நடக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரூ-பேக்கர் சம்பளத்தைத் துறக்கவில்லை. அது அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கணவரின் வருமானத்தில் குடும்பம் நடந்ததால் அவரால் ஆய்வைத் தொடர முடிந்தது. அப்படிப்பட்ட வசதி இல்லாமல் அதே விதியால் வெளியேற்றப்பட்ட பெண்கள் என்னென்ன கண்டுபிடித்திருப்பார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். பிரிட்டனின் மேற்குக் கரையோரப் பாறைகளில் ‘பார்பிரா’ என்ற சிவப்புப் பாசி வளர்கிறது. மெல்லிய தோல்போல, ஊதா நிறத்தில், அலை வடியும்போது பாறையோடு ஒட்டிக் கிடக்கும். தென்வேல்ஸ் மக்கள் அதைப் பறித்து, மணல் போகக் கழுவி, பல மணி நேரம் வேகவைத்துக் கரும்பச்சைக் கூழாக்குவர். ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றி இறைச்சிக் கொழுப்பில் பொரித்துக் காலையில் உண்பர். ‘லேவர்பிரெட்’ என்று ஆங்கிலத்தில் பெயர். ரொட்டி என்ற சொல் அதில் இருந்தாலும் அது ரொட்டி அன்று. சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளிகளுக்கு அது வலுவூட்டும் உணவாக இருந்தது. ஸ்வான்சீ நகரச் சந்தையில் சிப்பி இறைச்சியோடு அது இன்றும் விற்பனையாகிறது. ஜப்பானிய நோரிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு. இனம் வேறு, குடும்பம் ஒன்று.

இந்தப் பாசி முதிரும்போது நுண்ணிய வித்துகளைக் கடலில் சொரிகிறது. ஸ்போர் என்று தாவரவியலார் அழைக்கும் அந்த நுண்வித்துகள் அதன்பின் என்ன ஆகின்றன? ஆய்வகத்தில் வளர்க்க முயன்றவர்களுக்குக் கிடைத்தவை மெல்லிய இழைகளே. அவை இலையாக வளர மறுத்தன. வித்து இருக்கிறது, செடி இருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அந்த உயிர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

விடை கடலடியில் கிடந்த சிப்பி ஓடுகளில் இருந்தது. இறந்துபோன சிப்பிகளின் ஓடுகளைத் துளைத்து உள்ளே வாழும் ஒரு நுண்பாசியை, பேட்டர்ஸ் என்ற அறிஞர் 1892-இல் தனி உயிரினமாக விவரித்து, ‘கான்கோசீலிஸ்’ என்று பெயரிட்டிருந்தார். ஓட்டின்மேல் இளஞ்சிவப்புக் கறையாகத் தெரியும் அதற்கும், பாறைமேல் படர்ந்திருக்கும் பார்பிராவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுறக் காரணமே இல்லை. தோற்றத்தில் அவ்வளவு வேறுபாடு.

ட்ரூ-பேக்கர் தம் ஆய்வகத்தில் பார்பிராவின் நுண்வித்துகளுக்குச் சிப்பி ஓடுகளைக் கொடுத்தார். அவை ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றன; இழைகளாகக் கிளைத்தன; செழித்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை கான்கோசீலிஸ்தான். அறுபது ஆண்டுகளாக இரண்டு உயிர்கள் என்று நூல்களில் எழுதப்பட்டு வந்தவை ஒரே உயிரின் இரண்டு பருவங்கள். புழுவும் பட்டாம்பூச்சியும் போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே ஒரு பருவம் பாறைமேலும் மறு பருவம் சுண்ணாம்பு ஓட்டுக்குள்ளும் கழிகிறது. 1949 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார். மிகச் சிறிய குறிப்பு அது. வணிகம், உணவு, ஜப்பான் என்ற எண்ணங்களுக்கு அதில் இடமில்லை. ஒரு பாசியின் வரலாற்றில் விடுபட்டிருந்த ஓர் அத்தியாயத்தை அவர் நிரப்பினார், அவ்வளவே.

அதே நேரத்தில் பூமியின் மறுபக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது பார்க்கலாம்.

ஜப்பானில் நோரிக்கு நெடிய வரலாறு உண்டு. 701-ஆம் ஆண்டின் தைஹோ சட்டத் தொகுப்பில், அரசுக்கு வரியாகச் செலுத்தத்தக்க பொருள்களில் ஒன்றாக நோரி இடம்பெற்றிருந்தது. பாறைகளிலிருந்து சுரண்டி எடுத்ததை விடுத்து, எடோ காலத்தில் டோக்கியோ விரிகுடாவின் ஆழமற்ற நீரில் மரக்கிளைகளையும் மூங்கில் மிலாறுகளையும் நட்டு வளர்க்கத் தொடங்கினர். இலையுதிர்காலத்தில் நடுவார்கள், பாசி தானாக வந்து ஒட்டும், குளிர்காலத்தில் அறுப்பார்கள். அறுத்ததைப் பொடியாக நறுக்கி, நீரில் கலந்து, பாயில் வார்த்து உலர்த்தித் தாளாக்கினர். அசாகுசாப் பகுதியின் காகிதத் தொழிலிலிருந்து அந்த முறை வந்தது என்பது வழக்கு.

ஆனால் ‘தானாக வந்து ஒட்டும்’ என்பதில்தான் சிக்கல். கோடையில் பாசி முற்றிலும் மறைந்துவிடும். இலையுதிர்காலத்தில் எங்கிருந்து வருகிறது என்று எவருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில் மூங்கில்கள் பாசியால் கறுத்துப் போகும்; சில ஆண்டுகளில் வெறுமையாக நிற்கும். நெல் விவசாயிக்கு மழை பொய்க்கலாம். விதை எங்கே இருக்கிறது என்றாவது அவனுக்குத் தெரியும். நோரி விவசாயிக்கு விதை எது என்றே தெரியாது. அதிர்ஷ்டத்தை நம்பிய அந்தப் பயிரைச் சூதாடியின் புல் என்று அழைத்தார்கள்.

போர் முடிந்த ஆண்டுகளில் அந்த அதிர்ஷ்டம் கைவிட்டது. சூறாவளிகள் கடலடியைக் கலக்கின, கரையோரத் தொழிற்சாலைகளின் கழிவு நீரைக் கெடுத்தது, அறுவடை சரிந்தது. தோல்வியுற்ற நாடு, அரிசிக்கே பங்கீடு, அதோடு சேர்த்து உண்ணும் கடற்பாசியும் இல்லை. குளிர்காலம் முழுதும் இந்த ஒரு தொழிலையே நம்பியிருந்த கரையோரக் குடும்பங்களுக்கு மூங்கில்கள் ஏன் வெறுமையாக நிற்கின்றன என்று சொல்ல ஆளில்லை.

ட்ரூ-பேக்கரின் கண்டுபிடிப்பு கியூஷு பல்கலைக்கழகத்தின் பாசியியலாளர் செகாவா சோகிச்சியை எட்டியது. ஆங்கிலேயப் பாசிக்குப் பொருந்துவது ஜப்பானியப் பாசிக்கும் பொருந்துமா? சோதித்தனர், பொருந்தியது. சிப்பிக்குள் போகும் வழியை மான்செஸ்டர் காட்டியது. சிப்பியிலிருந்து மீண்டும் இலைக்குத் திரும்பும் வழியை ஜப்பானியர் கண்டு நிறைவு செய்தனர். குமாமோட்டோ மாகாண மீன்வள ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓட்டா ஃபுசாவோ, 1953-இல் சிப்பி ஓடுகளில் பாசியை வளர்த்து, அதிலிருந்து வலைகளுக்கு விதையூட்டுவதில் வெற்றி கண்டார்.

அந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நாற்றங்கால்தான் கண்முன் வருகிறது. கொட்டகைக்குள் நீர்த்தொட்டிகள். அவற்றில் சரம் சரமாகச் சிப்பி ஓடுகள். குளிர்காலம் முடியும் வேளையில் முதிர்ந்த நோரியின் நுண்வித்துகளை அவற்றின்மேல் தூவுவர். வெண்மையான ஓடுகளில் வாரக்கணக்கில் புள்ளிகள் தோன்றி, பரவி, கோடைக்குள் ஓடு முழுதும் கருஞ்செந்நிறமாகிவிடும். பகல் குறுகி நீர் குளிரத் தொடங்கும் இலையுதிர்காலத்தில், அந்த ஓடுகளிலிருந்து இரண்டாவது வகை நுண்வித்துகள் வெளிப்படும். பெரிய சக்கரங்களில் வலைகளைச் சுற்றி, தொட்டி நீரில் படும்படி சுழற்றுவர். வித்துகள் வலையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வலையைக் கடலில் கட்ட வேண்டியதுதான். பின்னாளில், முளைவிட்ட வலைகளைச் சற்றே உலர்த்திக் குளிர்பதனப்படுத்திச் சேமிக்கவும் கற்றுக்கொண்டனர். முதல் பயிர் நோயில் போனாலும் மாற்று வலை கையிருப்பில் இருக்கும்.

சூதாட்டம் வேளாண்மையானது. தென்மேற்கு ஜப்பானின் அரியாக்கே கடல் நோரியின் களஞ்சியமாயிற்று. நாடு முழுதும் விளைச்சல் ஆண்டுக்குப் பல நூறு கோடித் தாள்களாக உயர்ந்தது. விழா நாளுக்கும் விருந்தினருக்கும் எடுத்துவைக்கப்பட்ட பண்டம், பெட்டிக்கடைச் சோற்று உருண்டையின் உறையாயிற்று. கொரியாவிலும் சீனத்திலும் பாசி வேளாண்மை இதே அறிவின்மீது எழுந்தது. இன்று உலகெங்கும் சூஷி உண்போர் யாராயினும் அந்த 1949 குறிப்பின் கடனாளிகளே.

நாள்தோறும் உண்ணும் உணவு மனிதனின் உடலை எவ்வளவு ஆழமாக மாற்றும் என்பதற்கும் நோரியே சான்றாக அமைந்தது. பார்பிராவிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் மரபணு, கடலில் அப்பாசியின்மேல் வாழும் பாக்டீரியாவுக்கு உண்டு. அதே மரபணு ஜப்பானியரின் குடலில் வாழும் பாக்டீரியாவிலும் இருப்பதையும், ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அது இல்லாததையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-இல் கண்டறிந்தனர். தலைமுறைகளாக உண்ட பாசியோடு கடலின் மரபணுவும் குடலில் குடியேறியிருக்கிறது. அந்த ஆய்வு வெளியானதும் ‘நேச்சர்’ இதழிலேயே.

இராமநாதபுரம் கரையை எண்ணாமல் இதைப் படிக்க என்னால் இயலவில்லை. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் அழைக்கும் பாசிகள், அகார் முதலிய பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. கஞ்சிப் பாசி என்ற பெயர் ஒரு காலத்து உணவு வழக்கத்தைச் சொல்கிறது. இஸ்லாமிய இல்லங்களின் நோன்பு மாதத்தில் செய்யப்படும் கடல்பாசி இனிப்பும் அப்படியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார், குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-லேயே எழுதியவர், ட்ரூ-பேக்கரின் சமகாலத்தவர். அறிவு மரபு நமக்கும் இருந்தது.

இன்று பாக் நீரிணையில் மிதவைகளில் வளர்க்கப்படும் காப்பாபைகஸ் பாசி, கரும்பைப்போல வெட்டிய துண்டிலிருந்து வளர்வது. துண்டிலிருந்து துண்டு, அதிலிருந்து மறுபடியும் துண்டு என்று ஆண்டுக்கணக்கில் வளர்த்தால் வீரியம் குன்றும். நீர் சூடேறும் ஆண்டில் மொத்தமாக அழுகும். 2013-க்குப் பிறகு அந்த அடியை நம் கரையோரக் குடும்பங்கள் வாங்கின. தமிழ்நாட்டில் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்று 2021 மத்திய பட்ஜெட் அறிவித்தது. மிதவைக்கும் கயிற்றுக்கும் மானியம் கேட்பவர்கள் பலர். நம் கடலின் பாசிகள் எப்படிப் பிறந்து, எங்கே ஒளிந்து, எப்போது திரும்புகின்றன என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இருக்கையும் ஊதியமும் கேட்பவர்கள் குறைவு.

ட்ரூ-பேக்கருக்குத் தம் வாழ்நாளிலேயே அறிஞர் உலகின் மதிப்புக் கிடைத்தது. போர்க்காலத்தில் ஜப்பானிய அகார் வரத்து நின்றபோது பிரிட்டன் கடற்கரைகளில் மாற்றுப் பாசி தேடும் பணியை வழிநடத்திய லில்லி நியூட்டனுடன் இணைந்து, 1952-இல் பிரிட்டிஷ் பாசியியல் கழகத்தை நிறுவினார். அதன் முதல் தலைவரும் அவரே. பேராசிரியர் பதவி இல்லாதவர், பேராசிரியர்கள் நிறைந்த கழகத்துக்குத் தலைவரானார்.

1957 செப்டம்பர் 14 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 55. குமாமோட்டோவில் தொடங்கிய விதையூட்டும் முறை ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அதன் முழு விளைவையும் அவர் காணவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, நோரி வளர்ப்போர் தங்களுக்குள் பணம் திரட்டினர். அரியாக்கே கடலைப் பார்த்தபடி உத்தோ நகரில் நிற்கும் சுமியோஷி ஆலய வளாகத்தில், 1963 ஏப்ரலில் காத்லீன் ட்ரூ-பேக்கருக்கு நினைவுக்கல் எழுப்பினர். மன்னரோ போர்வீரரோ அல்லாத, அந்த மண்ணை மிதித்தே இராத ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்கு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரி நாடாக இருந்த தேசத்தின் குடிமகளுக்கு, மீனவர்கள் எழுப்பிய கல் அது. மான்செஸ்டர் அவருக்கு மறுத்த சம்பளத்தைப் பற்றி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அரியாக்கேயின் வளம் நிலையானதாகவும் இருக்கவில்லை. 2000-இன் குளிர்காலத்தில் அங்கே நோரி பெருமளவில் பொய்த்தபோது, இசஹாயா விரிகுடாவை அடைத்துக் கட்டிய மதகுகளையே மீனவர்கள் காரணமாகச் சுட்டினர். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. அண்மைக் காலங்களில் கடல் சூடேறுவதால், வலையைக் கடலில் இறக்கும் நாள் தள்ளிப் போகிறது. குளிருக்காகக் காத்திருக்கும் ஓடுகள் கொட்டகையில் தயாராக இருக்கின்றன. குளிர் வரத் தாமதமாகிறது.

ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று நோரி விவசாயிகள் அந்தக் கல்லின் முன் கூடுகின்றனர். பூசை நடக்கிறது, படையல் வைக்கப்படுகிறது. அறுவடை முடிந்து வலைகளைக் கரையேற்றும் பருவம் அது. கடலின் மேற்பரப்பில் அப்போது நோரி இருக்காது. கொட்டகைத் தொட்டிகளில், சரம் சரமாகத் தொங்கும் சிப்பி ஓடுகளுக்குள், அடுத்த குளிர்காலத்துக்கான இழைகள் அதற்குள் பரவத் தொடங்கியிருக்கும்.